ராசியான இடம்

ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகல் வெயிலில், அதுவும் இந்தியா ஆடுகிற நாளில், வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவளுக்கு ஒன்று கிறுக்குப் பிடித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் வேறு வழி இல்லாமல் போயிருக்க வேண்டும். மதிவதனிக்குக் கிறுக்குப் பிடிக்கவில்லை.

சரவணம்பட்டியில் அவள் ஏறி இறங்காத மாடிப்படி இல்லை. அங்கேயே ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை. அடுத்தவர்கள் எழுதிய நிரலில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்துச் சொல்வதற்குச் சம்பளம். கம்பெனியின் பெயரைச் சொன்னதும் வீட்டுக்காரர்களின் முகம் மலரும். அப்புறம் ஊரைக் கேட்பார்கள். ஊருக்குள் எந்தப் பக்கம் என்று கேட்பார்கள். எந்தக் கோயில் கும்பிடுகிறீர்கள் என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியோடு காரியம் முடிந்துவிடும். யாரும் எதையும் நேரடியாகக் கேட்பதில்லை. முகத்தில் அடித்தாற்போல எதையும் சொல்வதும் இல்லை. இந்த ஊரில் இல்லை என்பதைக்கூட ‘இல்லீங்க கண்ணு’ என்று சொல்லி, வாசல்வரை வந்து வழியனுப்பித்தான் விடுவார்கள். விடுதிக்குத் திரும்பிக் கட்டிலில் சாய்ந்த பிறகுதான் வலிக்க ஆரம்பிக்கும்.

ஊருக்குள் எந்தப் பக்கம் என்ற கேள்விக்கு அவளிடம் இருந்த உண்மையான பதில், காலனி. பொள்ளாச்சிக்குத் தெற்கே, தென்னந்தோப்புகளுக்கு நடுவில் ஊர். ஊரைத் தாண்டி, ஓடையைத் தாண்டி, காலனி. அப்பா ஐயாசாமியும் அம்மா பொற்கொடியும் தோட்டத்துக்காரர்களிடம் கூலிக்குப் போய்த்தான் அவளைப் படிக்க வைத்தார்கள். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா அங்கே ஒண்டியாக இருக்கிறாள். காலமெல்லாம் தேங்காய் மட்டைத் தூசியை இழுத்த நெஞ்சு இப்போது பாடாய்ப் படுத்துகிறது. கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி வர வேண்டும். பெண்கள் விடுதியில் அம்மாவைத் தங்க விடமாட்டார்கள் என்பதால் வந்த அன்றைக்கே திரும்ப வேண்டும். போன மாதம் அப்படித் திரும்பும்போது பேருந்திலேயே மூச்சு முட்டி, நடுவழியில் கிணத்துக்கடவில் இறக்கிவிட்டுவிட்டார்கள். யாரோ ஒரு புண்ணியவான் ஆட்டோ பிடித்துக் கொடுத்திருக்கிறார். “இனிமே அவங்களைத் தனியா விடாதீங்க” என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மதிவதனிக்கு வீடு வேண்டியது அதற்காகத்தான். அவளுக்கு மட்டும் என்றால் விடுதிக் கட்டிலும் அந்தத் தண்ணிச் சாம்பாரும் போதும்.

புரோக்கர் உவைஸ் அவளைவிடச் சின்னவன். வாய்த் துடுக்கு உள்ளவன். “எனக்கே இந்த ஏரியாவுல வாடகைக்கு வீடு கெடைக்கலீங்கக்கா. நான் எங்காளுக இருக்கற கரும்புக்கடையில இருந்து வந்து ஊருக்கெல்லாம் வீடு பாத்துக் குடுக்கறேன்” என்று முதல் நாளே சிரித்துக்கொண்டு சொன்னான். அவள் எந்தப் பக்கம் என்று அவன் கேட்கவில்லை. கேட்காமலே அவனுக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். போன வாரம் அவன்தான் இந்த வீட்டைச் சொன்னான். மாடி வீடு, நல்ல தண்ணீர், ஆஸ்பத்திரிக்குப் போகும் பேருந்து தெருமுனையிலேயே நிற்கும். ஆனால் வீட்டுக்காரர் குடும்பத்தோடு வரச் சொல்கிறார். ஆளைப் பார்க்காமல் சாவி கொடுக்கமாட்டாராம்.

அதனால் அம்மாவைக் காலையிலேயே ஊரிலிருந்து வரவழைத்தாள். உக்கடத்தில் இறங்கியவளை டவுன் பஸ்ஸில் ஏற்றி, சன்னலோரம் உட்கார வைத்துப் பாடம் நடத்த ஆரம்பித்தாள். யாரையும் சாமி என்று கூப்பிடாதே. அந்த அம்மாவை அக்கா என்று சொல். உட்காரச் சொன்னால் நாற்காலியில் உட்கார். தரையில் உட்காரக் கூடாது, இருக்கட்டுங்க என்று சொல்லிச் சுவரோரம் நிற்கவும் கூடாது. தண்ணீர் கொடுத்தால் கையிலேயே வாங்கு. காலனிப் பேச்சே எடுக்காதே. பொய் சொல்ல வேண்டாம், கேட்காததைச் சொல்லவும் வேண்டாம்.

பொற்கொடி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். “செரி கண்ணு. அக்கான்னு கூப்புடறதுக்குத்தான் வாய் வருமான்னு தெரியல. நானு ஒண்ணுஞ் சொல்லிக் கூப்புடாமயே பேசிக்கறேன்” என்றாள்.

இப்படிப் பெற்ற தாய்க்குப் பயிற்சி கொடுக்கிற வேலை மதிவதனிக்கே பிடிக்கவில்லை. எரிச்சலாக இருந்தது. யார் மேல் என்று பிரித்துச் சொல்லத் தெரியாத எரிச்சல். கையிலிருந்த போனைப் பார்த்தாள். எங்கேயோ பாலம் இடிந்திருந்தது. எங்கேயோ பரீட்சைக் கேள்வித்தாள் வெளியாகி, மறுபடியும் பரீட்சை என்று அறிவித்திருந்தார்கள். அவள் கம்பெனியிலேயே யாரை வீட்டுக்கு அனுப்புவது என்று மேலே பேசிக்கொண்டிருப்பதாக வாட்ஸாப்பில் ஓடியது. முன்பெல்லாம் இதற்குக் கோபம் வரும், வரிந்து கட்டிக்கொண்டு நாலு வரி எழுதுவாள். இப்போது கட்டைவிரலால் மேலே தள்ளிவிட்டு ஸ்கோரைத் தேடினாள். ஆஸ்திரேலியாவில், மெல்போர்னில் ஒருநாள் போட்டி. தொடரை முடிவு செய்கிற கடைசி ஆட்டம். இந்தியா இரண்டாவதாக ஆடிக்கொண்டிருந்தது. மூன்று விக்கெட் போயிருந்தது.

கிரிக்கெட்டை அவள் வெறுமனே பார்க்கிறவள் இல்லை. கல்லூரி அணியில் சுழற்பந்து போட்டவள். அவளைப் பொறுத்தவரை அந்த ஆட்டத்தில் ஒரு சௌகரியம் இருந்தது. மற்ற இடங்களில் ‘நாம’ என்று சொல்வதற்கு முன்னால் அக்கம்பக்கம் பார்த்துக்கொள்ள வேண்டும். எதிரில் இருப்பவர் அந்த ‘நாம’வுக்குள் தன்னைச் சேர்த்துக்கொள்வாரா என்று யோசிக்க வேண்டும். ஆட்டம் ஓடும்போது அந்த யோசனை வேண்டாம். நாம ரன் அடிக்கணும், நம்ம பவுலிங் சரியில்லை என்று யாரிடம் வேண்டுமானாலும் பேசலாம். யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். இந்த ஒன்றையாவது மிச்சம் வைத்தார்களே என்று அவளுக்கு ஒரு நன்றிகூட உண்டு.

வீடு கீழும் மேலுமாக, வெளிர் மஞ்சள் பூச்சில் லட்சணமாக இருந்தது. இரும்புக் கேட்டைத் திறந்துகொண்டு மதிவதனி முன்னால் போனாள். வாசற்படிக்குப் பக்கத்தில் செருப்பு வைக்கிற மரத்தட்டு இருந்தது. அதன் கீழே தன் செருப்பைக் கழற்றிவிட்டு அழைப்பு மணியை அழுத்தினாள். அம்மா பின்னாலேயே வந்துகொண்டிருந்தாள். புதுச் சேலை, வாரிய தலை, சொல்லிக்கொடுத்தபடி நிமிர்ந்த நடை. பார்க்கப் பெருமையாகத்தான் இருந்தது.

கதவைத் திறந்தவர் வீட்டுக்காரர் திருமூர்த்தி. சிங்காநல்லூரில் மோட்டார் பம்பு பட்டறை நடத்தி, கையில் தெம்பு இருக்கும்போதே அதை விற்றுவிட்டு, இந்த வீட்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தவர். ஒரு கண் வந்தவர்கள் மேலும் ஒரு கண் உள்ளே டிவி மேலும் இருந்தது.

“வாங்க கண்ணு, வாங்கம்மா, உள்ள வாங்க. உவைஸ் சொன்னான். மொதல்ல உக்காருங்க, அப்பறம் ஊட்டைப் பாத்துக்கலாம். ஏ தெய்வா, தண்ணி கொண்டா.”

அவர் மனைவி தெய்வாத்தாள் ஒரு எவர்சில்வர் சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து பொற்கொடியிடம் நீட்டினாள். மதிவதனி அம்மாவின் கையையே பார்த்தாள். அம்மா சொம்பை இரண்டு கையாலும் வாங்கி, அண்ணாந்து குடித்து, கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். பிறகு சோபாவில், நுனியில்தான் என்றாலும், உட்கார்ந்தாள். மதிவதனி சன்னல் பக்கத்து ஒற்றைச் சோபாவில் உட்கார்ந்தாள்.

“எந்த ஊருங்க கண்ணு?”

ஊர்ப் பெயரைச் சொன்னாள்.

“அட, நம்ம பக்கம்! எங்களுக்கும் பொள்ளாச்சிதான் கண்ணு. தோட்டம் இன்னும் அங்கதான் கெடக்குது. உங்கூர்ல எனக்கு நெறையப் பேரைத் தெரியுமே. நீங்க ஊருக்குள்ள எந்தப்…”

டிவியில் ஒரே ஆர்ப்பாட்டம். நம்முடைய ஆட்டக்காரர் இறங்கி வந்து தூக்கி அடித்த பந்து கூட்டத்துக்குள் போய் விழுந்தது. திருமூர்த்தி எழுந்தே நின்றுவிட்டார். அவர் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி பந்தோடு போய்விட்டது. அடுத்த பந்து நான்கு. அதற்கு அடுத்ததும் நான்கு.

“பாத்தியா தெய்வா! இந்நேரம் வரைக்கும் கட்டை போட்டுட்டு இருந்தானுக. இந்தப் புள்ள வந்து உக்காந்துச்சு, வெளாச ஆரம்பிச்சுட்டானுக. கண்ணு, நீ அந்த எடத்தை உட்டு மட்டும் எந்திரிச்சுராத. ராசியான எடம்!”

இந்த வியாதி மதிவதனிக்குத் தெரியாததில்லை. ஜெயிக்கும் வரைக்கும் ஒரே சட்டையை மாற்றாமல் போடுகிறவர்களையும், பாத்ரூமில் நின்றால்தான் விக்கெட் விழுகிறது என்று நண்பனை உள்ளே வைத்துத் தாழ்ப்பாள் போட்டவர்களையும் அவளுக்குத் தெரியும். அவளே கல்லூரி நாட்களில் அப்படி இருந்தவள்தான். சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த இரண்டாவது கேள்வியிலிருந்து ஒரு சிக்ஸர் காப்பாற்றும் என்று யார் கண்டது?

“நீ கிரிக்கெட் பாப்பியா கண்ணு?”

“ஆடுவேனுங்க. காலேஜ் டீம்ல ஆஃப் ஸ்பின் போட்டுட்டு இருந்தேன்.”

அவ்வளவுதான், திருமூர்த்திக்கு வாயெல்லாம் பல். அப்புறம் ஆட்டம் நகர நகர அவர் அவளோடுதான் பேசினார். எந்தப் பந்து வீச்சாளரை எப்போது கொண்டுவருவார்கள் என்று அவள் சொன்னாள்; சொன்னபடியே நடந்தது. மகனோடு உட்கார்ந்து மேட்ச் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று என்று சொல்லிக்கொண்டார். மகன் சபரீஷ் அந்த ஊரிலேயேதான் வேலை பார்க்கிறானாம். இன்றைக்கு மைதானத்தில்தான் இருக்கிறானாம். கூட்டத்தைக் காட்டும்போதெல்லாம் அவர் டிவிக்குப் பக்கத்தில் போய்க் கண்ணை இடுக்கித் தேடினார்.

“மேட்ச்சுக்கு டிக்கெட்டு கெடைச்சுருச்சு கண்ணு, இருக்கறதுக்கு ஊடுதான் கெடைக்க மாட்டீங்குது. இந்தியாக்காரன்னு தெரிஞ்சா போதுமாமா, ஆளு வந்துட்டாங்கன்னு சொல்லிப் போடறானுகளாமா. நாம சமைச்சா மணக்குதாமா! படிச்ச பையன், நல்ல வேலை, என்ன கொறை அவனுக்கு? மனுசனை மனுசனாப் பாக்கோணுமில்ல?”

“ஆமாங்க” என்றாள் மதிவதனி.

“நம்ம நாடு மட்டும் என்ன வாழுதாமா. பாலம் கட்டுனா உளுந்துருது, பரீச்சை வெச்சா பேப்பரு வெளிய வந்துருது. குட்டிச்செவராப் போச்சு. நம்மளுக்குன்னு மிச்சம் இருக்கறது இந்த ஆட்டம் ஒண்ணுதான்.”

அவள் பஸ்ஸில் நினைத்ததையே அவர் சொன்னார். மதிவதனிக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. இந்த வீடு கிடைத்துவிடும் என்று தோன்றியது. மாடியில் அம்மாவுக்கு ஒரு கட்டில் போட வேண்டும், ஞாயிற்றுக்கிழமைகளில் கீழே வந்து மேட்ச் பார்க்கலாம் என்றெல்லாம் மனசு தன்பாட்டுக்குச் சாமான்களை அடுக்க ஆரம்பித்தது. அந்தப் பக்கம் அம்மாவும் தெய்வாத்தாளும் தென்னையில் வெள்ளை ஈ விழுந்ததைப் பற்றி நன்றாகவே பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மா அக்கா என்றும் சொல்லவில்லை, தோட்டத்துக்காரர் வீட்டுப் பெண்களைக் கூப்பிடுகிற மாதிரி அம்மணி என்றும் சொல்லவில்லை. சாமர்த்தியமாக எந்த முறையும் வைக்காமலே பேசிக்கொண்டிருந்தாள். தெய்வாத்தாளே மேல் வீட்டுச் சாவியை எடுத்து மேசை மேல் வைத்துவிட்டாள்.

வெளியே பூக்காரம்மாவின் குரல் கேட்டது. தெய்வாத்தாள் எழுந்து போனாள். கேட் திறக்கும் சத்தம், பேரம் பேசும் சத்தம். பூவோடு திரும்பி வந்தவள் வாசலில் நின்றே கேட்டாள்.

“ஏனுங், கேட்டுக்கு வெளிய ரோட்டோரத்துல ஒரு சோடி செருப்புக் கெடக்குதே, யாருதுங்க? நாயி கவ்வீட்டுப் போயிரும்.”

கேள்வியில் கள்ளம் எதுவும் இல்லை. நாய் கொண்டுபோய்விடுமே என்ற அக்கறைதான். மதிவதனி அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் முகம் பேயறைந்தாற்போல ஆகியிருந்தது. வாய் தன்னால் திறந்தது.

“என்றதுதானுங்க அம்மணி. அது அங்கயே கெடக்கட்டுங்க.”

தோட்டத்துக்காரர் வீடுகளுக்குப் போகும்போது காலனியில் யாரும் செருப்பை வாசல்வரை கொண்டுபோவதில்லை. தெருவிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடுதான் உள்ளே போவார்கள். யாரும் இப்போது அதட்டிச் சொல்வதுகூட இல்லை. ஆனால் பொற்கொடியின் கால்கள் அப்படித்தான் பழகியிருந்தன. பெரிய கேட்டைக் கண்டதும் தானாகக் கழற்றியிருக்கின்றன. மதிவதனி அம்மாவின் வாய்க்குப் பாடம் சொன்னாள், கைக்குச் சொன்னாள், முதுகுக்குக்கூடச் சொன்னாள். காலை மறந்துவிட்டாள்.

பொள்ளாச்சிப் பக்கத்துத் தோட்டத்து வீட்டில் வாழ்ந்தவளுக்கு இதற்கு மேல் யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. தெய்வாத்தாள் எதுவும் நடக்காத மாதிரி பூவைக் கொண்டுபோய்ச் சாமி படத்துக்கு வைத்தாள். மேசை மேலிருந்த சாவியை ஏதோ தூசி தட்டுகிற பாவனையில் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். “ஏனுங், சித்த இப்படி வந்துட்டுப் போங்க” என்று கணவனைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள்.

ஓவர் முடியும்வரை காத்திருந்துதான் அவர் போனார். உள்ளே குரல் எழும்பவில்லை. இந்த ஊரில் அதற்கெல்லாம் குரல் எழும்பாது. மதிவதனி டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரன் சொற்பம்தான் வேண்டும், பந்துகள் கைவசம் இருந்தன. எப்போதும் இருக்கிற படபடப்பு இன்றைக்கு இல்லை. அசதியாக இருந்தது. ஏறி இறங்கிய மாடிப்படிகளெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து முழங்காலில் உட்கார்ந்துகொண்ட மாதிரி அசதி.

அம்மாவுக்கு இருமல் வந்துவிட்டது. அடக்க அடக்க அதிகமாகியது. தெய்வாத்தாள் உள்ளிருந்து வந்தாள். இந்த முறை சொம்பு இல்லை. மூடி திறக்காத சின்னத் தண்ணீர் பாட்டில் ஒன்றை பிரிட்ஜிலிருந்து எடுத்து, அம்மாவின் கையில் கொடுக்காமல் டீப்பாய் மேல் வைத்தாள்.

“குடிச்சுப்போட்டு, பாட்டலை நீங்களே கொண்டுட்டுப் போயிருங்க. இங்க வெக்க வேண்டாமுங்க” என்றாள், சிரித்த முகமாகவே.

திருமூர்த்தி திரும்பி வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை, சங்கடப்படத் தெரிந்தவர்தான். தொண்டையைச் செருமிக்கொண்டார். மேட்ச் பார்க்கும்போது நீ, வா என்று உரிமையாகப் பேசியவர் இப்போது ஒரு படி மேலே தூக்கி வைத்துப் பேசினார்.

“கண்ணு, தப்பா நெனைச்சுக்காதீங்க. நம்ம ஒறம்பரைல ஒரு பையன், புதுசாக் கல்யாணம் ஆனவன், இந்தப் பக்கம் வேலைக்கு வாரானாமா. மேல் ஊட்டை அவனுக்குத் தாரோம்னு வாக்குக் குடுத்துருக்கறமாமா. நானு மறந்தே போட்டனுங்க. இப்பத்தான் ஊட்ல ஞாபகப்படுத்தறாங்க.”

“பரவாயில்லீங்க” என்றாள் மதிவதனி.

“வேற நல்ல ஊடாக் கெடைக்குமுங்க உங்களுக்கு.”

“சரிங்க. அப்ப நாங்க வாரோமுங்க.”

அவள் சோபாவின் கைப்பிடியில் கை ஊன்றியதுதான் தாமதம், அவர் பதறிப்போய்க் கையை நீட்டினார்.

“அய்யோ, எந்திரிச்சுராதீங்க கண்ணு! இன்னும் மூணு ஓவர்தான். நீங்க உக்காந்த ராசிலதான் இவ்வளவு தூரம் வந்துருக்குது. மேட்ச் முடியட்டும், ஒரு காப்பி சாப்புட்டுட்டுப் போலாம்.”

மனிதர் நிஜமாகவே கெஞ்சினார். அதுதான் அவளால் தாங்க முடியாமல் போயிற்று. கோபப்பட்டிருந்தால், மூஞ்சியைத் திருப்பியிருந்தால்கூட ஒரு மாதிரி இருந்திருக்கும். குடியிருக்க ஆகாதவள் ராசிக்கு மட்டும் ஆகிறாள். அவர் மகன் உட்கார்ந்திருக்கும் அந்த மைதானத்தில் நம்ம ஆள் ஜெயிக்க வேண்டும். அதற்கு இவள் இந்தச் சோபாவில் இருக்க வேண்டும். கேட்டுக்கு வெளியே அம்மாவின் செருப்பு கிடக்க வேண்டும். மெல்போர்னில் இருப்பவனுக்கு வீடு கிடைக்கட்டும் என்று சொல்லலாமா என்று மதிவதனி நினைத்தாள். சொல்லி என்ன ஆகப் போகிறது? எழுந்து நின்றாள்.

“அம்மாவுக்குப் பஸ்ஸு இருக்குதுங்க” என்றாள்.

அவள் வாசலைத் தாண்டுவதற்குள் உள்ளே டிவியில் கூட்டம் அலறியது. “போச்சு! போல்டு! நாஞ் சொன்னனா இல்லையா தெய்வா!” என்று திருமூர்த்தி தலையில் அடித்துக்கொள்வது கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனாலும் விழுந்தது எந்த விக்கெட், இனி யார் இறங்குவார் என்று மனசு கணக்குப் போட்டது. அந்த மனசின் மேல் அவளுக்கு ஆத்திரமாக வந்தது. தண்ணீர் பாட்டில் திறக்காமலே டீப்பாய் மேல் இருந்தது.

அம்மா கேட்டுக்கு வெளியே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டாள். தெருமுனை வரை இருவரும் வெயிலில் நடந்தார்கள். அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு பேக்கரி இருந்தது; நிழலான இடமாகப் பார்த்து ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார வைத்தாள். கண்ணாடிப் பெட்டிக்கு மேலே டிவி ஓடிக்கொண்டிருந்தது. கம்பெனிப் பையன்கள், ஆட்டோக்காரர்கள், சரக்கு இறக்க வந்தவர்கள் என்று கடை கொள்ளாத கூட்டம் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. மதிவதனி இரண்டு டீ சொன்னாள்.

“அவங்க சொந்தக்காரப் பையன் யாரோ வர்றானாம்மா. முன்னாடியே சொல்லி வெச்சுட்டாங்களாம்” என்றாள்.

பொற்கொடி டீயை ஊதிக்கொண்டே தன் காலைப் பார்த்தாள். “நீ சொன்னதெல்லாம் அப்படியே செஞ்சேன் கண்ணு. சாமின்னு சொல்லல. சேர்லதான் உக்காந்தேன். தண்ணியைக் கைலதான் வாங்குனேன். இதை நீ சொல்லவே இல்லியே கண்ணு” என்றாள்.

பழி சொல்கிற குரல் இல்லை அது. பரீட்சையில் பாடத்தில் இல்லாத கேள்வி வந்துவிட்ட பிள்ளையின் குரல். மதிவதனிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. செத்துவிடலாம் போல இருந்தது. இத்தனை நாளும் வீட்டுக்காரர்களை மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தாள். ஆனால் அம்மாவின் பேச்சையும் கையையும் நடையையும் ஒவ்வொன்றாகப் பிழை பார்த்துத் திருத்தியது இவள்தானே? ஆபீசில் பார்க்கிற வேலையைப் பெற்றவளிடமும் பார்த்திருக்கிறாள்.

“அடுத்த ஊட்டுக்கு நானு வரல கண்ணு. நீ மட்டும் போய்ப் பேசு. குடி வந்ததுக்கப்பறம் நானு பைய வந்துக்கறேன். வெளிய தெருவ அதிகம் வராம உள்ளயே இருந்துக்கறேன்” என்றாள் அம்மா.

போன் அடித்தது. உவைஸ்.

“என்னங்கக்கா, வீடு புடிச்சுதுங்களா? ஓனர் என்ன சொன்னாரு?”

“ஆளு வந்துட்டாங்களாம் உவைஸ்.”

“செரி உடுங்கக்கா. விளாங்குறிச்சி ரோட்ல இன்னொண்ணு இருக்குது. நாளைக்குப் பேசிட்டுச் சொல்றேன்.”

“பேசறப்ப ஒண்ணு செய்ங்க. முதல்லயே சொல்லிருங்க.”

“என்னன்னுங்கக்கா?”

பொற்கொடிக்கு விளங்கிவிட்டது. டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டு மகளின் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். கடை நிறைய ஆட்கள். மதிவதனி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். “நாங்க காலனிக்காரங்கன்னு முதல்லயே சொல்லிருங்க.”

அதே நேரத்தில் பேக்கரி வெடித்தது. கடைசி ஓவர், கடைசிக்கு முந்தின பந்து, எல்லைக் கோட்டைத் தாண்டியது. பையன்கள் ஒருவரையொருவர் தூக்கிக்கொண்டு குதித்தார்கள். ஆட்டோக்காரர்கள் ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள். யாரோ ஒருவர் மதிவதனியின் தோளைத் தட்டி “ஜெயிச்சுட்டமுங்க!” என்று கத்திவிட்டுப் போனார். அவளுக்குள்ளும் ஏதோ ஒன்று துள்ளத்தான் செய்தது. அதை அவளால் தடுக்க முடியவில்லை.

“அக்கா? ஹலோ? ஒண்ணுமே கேக்கலீங்கக்கா. ஒரே சத்தமா இருக்குது. என்ன சொல்லோணும்? சத்தமாச் சொல்லுங்க.”

இந்த ஊருக்கு வந்த இத்தனை வருடத்தில் அவள் அதைச் சத்தமாகச் சொன்னதில்லை. முதல் தடவை சொன்னது ஊரே ஆடிய ஆட்டத்தில் காணாமல் போயிற்று. சும்மா இருந்துவிடலாம். ஒன்றுமில்லை உவைஸ், அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிடலாம். அம்மா கெஞ்சுகிற கண்ணோடு அதைத்தான் கேட்டாள். டிவியில் விளம்பரம் வந்தது. குதித்தவர்கள் இறங்கி, மூச்சு வாங்க, டீக்குச் சொல்ல ஆரம்பித்தார்கள். கடை மெல்ல அடங்கியது.

மதிவதனி எழுந்து நின்றுகொண்டாள்.

“நாங்க காலனிக்காரங்க உவைஸ். அதை முதல்லயே சொல்லிருங்க. சம்மதம்னா மட்டும் எங்களைக் கூப்பிடுங்க.”

பக்கத்தில் நின்ற இரண்டொருவர் திரும்பிப் பார்த்தார்கள். டீ போடுகிறவர் ஆற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். பொற்கொடி தலையைக் குனிந்துகொண்டாள்.

உவைஸின் குரலில் வழக்கமான துடுக்கு இல்லை. “அப்படிச் சொன்னா நாளாகுமுங்கக்கா. ரொம்ப நாளாகும்.”

“ஆகட்டும். எங்கம்மா செருப்பை வாசப்படிகிட்ட கொண்டுவந்து விடற வீடா இருக்கணும். அப்படிப் பாருங்க.”

போனை வைத்தாள். கிடைக்காது என்றுதான் அவளுக்கும் தோன்றியது. இன்றைக்குச் சாயங்காலம் அம்மா மறுபடியும் அதே பஸ்ஸில், அதே கிணத்துக்கடவு வழியாக, ஒண்டியாகத்தான் போக வேண்டும். இல்லை, நாளைக்கு லீவு சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். இன்றைக்கு ஊர்வரைக்கும் கூடவே போய்விட வேண்டும்.

அம்மா இன்னும் குனிந்தபடியே இருந்தாள். ஸ்டூலுக்குக் கீழே அவள் செருப்பு தனியாகக் கிடந்தது. பேக்கரி என்றும் பாராமல் எப்போது கழற்றினாளோ. மதிவதனி குனிந்து, இரண்டையும் எடுத்து, அம்மாவின் காலுக்கு நேராக வைத்தாள்.

“போட்டுக்கம்மா” என்றாள். “பஸ் வருது.”